பெயர் கேட்டலும் ஊர் கேட்டலும்

ஏழாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன், ஒருநாள் தமிழ் வகுப்பிற்கு முகம் வாடி வந்தான். தந்தையின் பணிமாற்றத்தால் மதுரையிலிருந்து தில்லிக்கு வந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. காரணம் கேட்டபோது முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பாடம் முடிந்து மற்றவர்கள் எழுந்து சென்ற பிறகு அருகில் வந்து, "ஐயா, எல்லாரும் என்னை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்" என்றான்.

நடந்தது இதுதான். சேர்க்கைப் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று தன்பெயருக்கு, மற்றொன்று குடும்பப் பெயருக்கு. இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்றதால், தந்தை தம் பெயரையே அதில் எழுதிவிட்டார். விளையாட்டு வகுப்பில் மாணவர்களைக் குடும்பப் பெயரால் அழைப்பது வழக்கம். சில நாள்களில் அது வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. அவன் வீட்டிலோ, அந்தப் பெயரை அவனுடைய தாயார்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார். பாட்டி ஒருவர்தாம் சொல்வார். அத்தகைய பெயரை அவன் வயதுப் பையன்கள் பந்தை எறிந்துகொண்டே 'ஏய்' என்று சேர்த்துக் கூவினால் அவனுக்கு எப்படி இருக்கும்? கூவியவர்கள் மீதும் குற்றமில்லை. அவர்கள் தங்களுக்குள்ளும் 'சர்மா', 'யாதவ்', 'அரோரா' என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். தோழமை கருதி அவர்கள் செய்தது அவனுக்கு அவமதிப்பாகப் பட்டது.

வெளி மாநிலத்தில் வாழும் நாம், நம் பெயர் வழக்கத்தை முதலில் நாமே தெளிவாக அறிந்திருக்க வேண்டும். முருகேசன் என்பவர் தம் மகனுக்கு இளங்கோ என்று பெயரிட்டால், அவன் 'மு. இளங்கோ' ஆகிறான். முன்னால் நிற்கும் எழுத்து தந்தை பெயரின் முதலெழுத்து. அதனைத் தலைப்பெழுத்து என்கிறோம். தாய் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் இன்று உண்டு. இளங்கோவின் மகள் 'இ. கயல்விழி' ஆவாள். முருகேசன் என்னும் பெயர் அவ்விடத்தில் மறைந்துவிடுகிறது. ஆகவே, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நம்மில் பெரும்பாலோர்க்கு இல்லை.

எக்காலத்திலும் இவ்வாறே இருந்தது என்று எண்ணிவிட வேண்டா. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை எழுதுவது தமிழ்நாட்டிலும் பெருவழக்காக இருந்தது. பெரியார் ஈ.வெ. ராமசாமி முன்னெடுத்த சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் நடைபெற்றது. பெயரோடு சாதிப் பட்டம் சேர்த்துக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்பது அம்மாநாட்டின் தீர்மானங்களுள் ஒன்று. பலரும் தத்தம் பட்டங்களைத் துறந்தனர். பிறகு அதுவே நாட்டு வழக்காயிற்று. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் நிலப் பத்திரத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் அவர் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் தற்செயலாக வந்ததன்று என்பது புலப்படும்.

இதே நோக்கத்திற்காக வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. 1699ஆம் ஆண்டு ஆனந்தபூரில் குரு கோவிந்த் சிங் கால்சாவைத் தோற்றுவித்தபோது, ஆண்களுக்குச் 'சிங்' என்றும் பெண்களுக்குக் 'கௌர்' என்றும் பொதுப் பெயர்கள் வழக்கில் வந்தன. பட்டத்தை விட்டு வேற்றுமையை நீக்க முயன்றவர்கள் நாம்; எல்லாருக்கும் ஒரே பெயரைத் தந்து நீக்க முயன்றவர்கள் அவர்கள். மராத்தியரிடையே ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர் அமைப்பது மிகுதி. பீகாரிலோ, சாதி தெரியாதிருக்கும் பொருட்டுக் 'குமார்' என்பதோடு பெயரை நிறுத்திக்கொள்வோர் இருக்கின்றனர்.

இனி, "பூரா நாம் க்யா ஹை?" என்னும் கேள்விக்கு வருவோம். 'முழுப் பெயர் என்ன?' என்று கேட்பவர் பெரும்பாலும் படிவத்தை நிரப்பவே கேட்கிறார். நீங்கள் எந்தச் சாதி என்று அறியும் பொருட்டுக் கேட்பவரும் உண்டு. குரலைக் கொண்டே அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. யார் கேட்டாலும், "என் பெயர் இளங்கோ. முருகேசன் என் தந்தையின் பெயர். எங்களிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை" என்று அமைதியாகச் சொல்லலாம். படிவம் நிரப்புபவருக்கு அது போதும். மற்றவருக்கு அதற்கு மேல் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

தமிழர்கள் இவ்வகைக் கேள்வி கேட்பதே இல்லை என்று நாம் மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. நாம் சுற்றிவளைத்துக் கேட்கிறோம். "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி, "ஊரில் எந்தப் பக்கம்?", "எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?" என்று ஒவ்வொரு படியாக இறங்குவோரை நீங்களும் கண்டிருப்பீர்கள். அயலூரில் தமிழ்க் குரல் கேட்ட மகிழ்ச்சியில் ஊரைக் கேட்பது இயல்பு. அதன் பின்னர்த் தெருவைக் கேட்பது எதற்காக? முதல் கேள்விக்கு மலர்ந்த முகம் மூன்றாம் கேள்விக்குச் சுருங்குவதைத் தில்லித் தமிழர் கூடும் திருமண வீடுகளில் நான் கண்டிருக்கிறேன்.

இந்தி பேசுவோர் சிலர் மிகுந்த மரியாதையோடு, "ஆப்கா சுப் நாம்?" என்று வினவுவர். 'உங்கள் நற்பெயர் யாது?' என்பது அதன் பொருள். நமக்குக் கெட்ட பெயர் ஒன்றும் உண்டோ என்று திகைக்க வேண்டா. 'தங்கள் திருநாமம்' என்று நம் பெரியவர்கள் கேட்பது போன்றதே அது. வங்காளிகளுக்கு உண்மையிலேயே இரண்டு பெயர்கள் இருக்கும். பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்குவது 'பாலோ நாம்'. வீட்டாரும் நெருங்கியவரும் அழைப்பது 'டாக் நாம்'. வங்காளத் தோழன் ஒருவனின் வீட்டுப் பெயர் உங்கள் காதில் விழுந்துவிட்டால், மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லி அழைத்துவிடாதீர்கள். வீட்டில் உங்களைச் 'சின்னக்குட்டி' என்று அழைப்பதை வகுப்பே அறிந்துகொண்டால் எப்படியிருக்குமோ, அவனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

விடையை எதிர்பாராமலேயே கேட்கப்படும் கேள்விகளும் உள்ளன. "சாப்பிட்டாயா?" என்று நம்மவர் கேட்பது நலம் விசாரிப்பது, உணவுக்கு அழைப்பதன்று. கன்னடரும் "ஊட்டா ஆய்த்தா?" என்று அவ்வாறே கேட்பர். அதனை அப்படியே இந்தியில் பெயர்த்து, அண்டை வீட்டாரிடம் முற்பகல் பதினொரு மணிக்குக் கேட்டால், விருந்துக்கு அழைக்கிறார்களோ என்று அவர் ஐயுறக்கூடும். வெளியே புறப்படுபவரை "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பது ஆகாது என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் கருத்து. அறிய வேண்டியிருந்தால் "தூரமா?" என்பார்கள். விடைபெறும்போதும் 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்கிறோம். இது நமக்கே உரிய நாகரிகம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். வங்காளியர் விடைபெறும்போது 'வருகிறேன்' என்னும் பொருளில் 'ஆஷி' என்பர்; மராத்தியர் 'யேதோ' என்பர்; அதற்கும் அதே பொருள்தான். வழியனுப்பும் குசராத்தியர் 'ஆவ்ஜோ', அதாவது 'வாருங்கள்' என்பர்.

முன்னிலைச் சொற்களில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று. வங்காளத்தில் துய், துமி, ஆப்னி என்று மூன்று. நம் 'நீ' என்பதற்குத் 'தூ' நேர் என்று எண்ணி, முதல் நாள் பழகியவனைத் 'தூ' என்றால் அவன் சினங்கொள்வான். நெருங்கிய நண்பருக்கும் சண்டைக்கும் உரிய சொல் அது. கொரிய மொழியிலோ, வயதிற்கேற்பப் பேச்சு வடிவமே மாறும். அதனால் கொரியர் புதியவரிடம் தொடக்கத்திலேயே வயதைக் கேட்டுவிடுவர். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அதே கேள்வியைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டால், அத்துமீறலாகக் கொள்வர்.

கேள்விகளின் பெரும் பள்ளிக்கூடம் தொடர்வண்டிதான். சென்னையிலிருந்து புது தில்லிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும். விசயவாடா வருவதற்குள் எதிர் இருக்கைக்காரருக்கு உங்கள் தந்தையின் அலுவலகம் தெரிந்துவிடும். நாகபுரிக்குள் சம்பளம் கேட்கப்பட்டுவிடும். புளிச்சோறும் பூரியும் கைமாறும் அந்தப் பெட்டியில் இக்கேள்விகளைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒருமுறை, "எத்தனை குழந்தைகள்?" என்ற கேள்விக்கு ஓர் அம்மையார், "இல்லை" என்றார். கேட்டவர் அத்தோடு விடவில்லை. திருமணமாகி எத்தனை ஆண்டு, மருத்துவரைப் பார்த்தீர்களா, எந்தக் கோயிலுக்குச் சென்றீர்கள் என்று பெட்டியே கேட்கும்படி அடுக்கினார். அந்த அம்மையார் மேல் படுக்கைக்கு ஏறிப் போர்வையை இழுத்துக்கொண்டவர், போபால் வரையில் இறங்கவில்லை. கேட்டவரும் நல்லவரே, அவர் கொடுத்த முறுக்கை நானும் தின்றேன். முதல் 'இல்லை'யில் அவர் நின்றிருக்க வேண்டும்.

மீண்டும் அந்த மாணவனிடம் வருவோம். இவற்றையெல்லாம் ஒருநாள் வகுப்பில் பேசியபோது, "உங்களை வருத்திய கேள்வி எது?" என்று கேட்டேன். "மதராசியா?" என்று கேட்பது என்றனர் பலர். பழைய சென்னை மாகாணத்தின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1969ஆம் ஆண்டு சனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. சொல்லுக்கோ அது இன்னும் எட்டவில்லை. ஒடியா பேசுபவரையும் போச்புரி பேசுபவரையும் 'இந்திக்காரர்' என்று ஒரே பெயரில் அடக்கும் நம்மவர்க்கும் இது பொருந்தும். அப்போது அவன் எழுந்து தயங்கியபடியே, "நானும் ஒன்று கேட்டுவிட்டேன், ஐயா. பக்கத்து வரிசைப் பெண்ணிடம், நீ எந்த நாடு என்று கேட்டேன்" என்றான். அப்பெண் மிசோரத்தின் தலைநகரான ஐசாலைச் சேர்ந்தவள். இந்தியாவின் குடிமகளிடம், இந்தியாவிலேயே அவன் கேட்ட கேள்வி அது. வடகிழக்கு மக்கள் பிற நகரங்களில் படும் இன்னல்களை ஆராய 2014ஆம் ஆண்டு மைய அரசு பெசுபருவா தலைமையில் குழு அமைக்க நேர்ந்தது. இவன் கேட்டது போன்ற கேள்விகளும் அவ்வின்னல்களுள் அடங்கும்.

அவன் மறுநாளே அவளிடம் வருத்தம் தெரிவித்தான். பேச்சு வளர்ந்து பெயரில் வந்து நின்றது. மிசோ மக்களுக்கும் மரபாகக் குடும்பப் பெயர் இல்லை. ஆண்பெயர் 'ஆ' என்றும் பெண்பெயர் 'ஈ' என்றும் முடிவது அவர்கள் வழக்கம். படிவத்தின் இரண்டாம் கட்டம் அவளையும் தொல்லைப்படுத்தியிருக்கிறது. இருவரும் சேர்ந்து வகுப்பாசிரியரிடம் சென்று, தங்களைத் தன்பெயரால் அழைக்குமாறு வேண்டினர். அவரும் அன்றே வருகைப் பதிவேட்டில் இருவர் பெயருக்கும் கீழே சிவப்பு மையால் கோடிட்டுக்கொண்டார். விளையாட்டுத் திடலில் மட்டும் பழைய பழக்கம் சில நாள் நீடித்தது. ஒரு சனிக்கிழமை அவன் அடித்த பந்து மதிலைத் தாண்டிச் சென்றது. அன்று எல்லாரும் அவனுடைய பெயரைச் சொல்லித்தான் கூவினார்கள்.