ஜீப் வண்டியின் டிபரன்ஷியல் எண்ணெயும் இறுகிப்போன பிளக்குகளும்

நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் ஜீப் முதலிய வண்டிகள் பண்ணை வேலைக்கு எவ்வளவு உபயோகமானவை என்பதை நிலச்சுவான்தார்கள் யாவரும் அறிவர். விதை மூட்டை, உரம், நாற்று முடி, என்ஜின் பம்பு ஆகிய எல்லாவற்றையும் சேற்றுப் பாதையிலும் வாய்க்கால் கரையிலும் அவை சுமந்து செல்கின்றன. 1941-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ராணுவத்திற்கென ஏராளமாகச் செய்யப்பட்ட இவ்வண்டி, 1945-ஆம் ஆண்டில் சி.ஜே.-2ஏ என்னும் பெயருடன் அந்நாட்டுக் குடியானவர்களுக்கும் விற்பனைக்கு வந்தது. ஆகவே பண்ணைக்கும் ஜீப்புக்கும் உள்ள உறவு புதிதன்று. ஆயினும், மாட்டின் பல்லையும் குளம்பையும் தவறாமல் பார்த்து வரும் நம்மவர், வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பது அரிதாகவே இருக்கிறது.

வண்டியின் அச்சின் நடுவே பூசணிக்காய்போல் உருண்டு தோன்றும் இரும்புப் பெட்டியே டிபரன்ஷியல் எனப்படுவது. நான்கு சக்கரமும் உந்தும் வண்டிக்கு முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் ஒன்றுமாக இரண்டு உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல இடங்கொடுப்பது இப்பெட்டியிலுள்ள பற்சக்கரங்களின் வேலை. பினியனின் பற்களும் பெரிய கிரௌன் சக்கரத்தின் பற்களும் மிகுந்த அழுத்தத்துடன் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடுகின்றன. அவற்றிற்கிடையே மெல்லிய படலமாக நிற்கும் எண்ணெய் ஒன்றே அவற்றைக் காப்பது.

வாய்க்காலில் இறங்கி ஏறும் வண்டிக்கு வேறொரு கேடும் உண்டு. ஓடிச் சூடேறிய பெட்டி திடீரெனத் தண்ணீரில் ஆழ்ந்தால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். பெட்டியின் மூச்சுத்துளை சேற்றினால் அடைபட்டிருந்தால், அச்சின் ஓரத்துச் சீல்களின் வழியே தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அப்படித் தண்ணீர் கலந்த எண்ணெய் மோர்போல் வெளுத்திருக்கும். அதனைக் கண்டவுடன் மாற்றிவிட வேண்டும். மற்றக் காலங்களில் வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட தவணைப்படி மாற்றினால் போதுமானது.

எண்ணெய் மாற்றுவது எளிய வேலையே. பெட்டியில் எண்ணெயை ஊற்ற மேலே ஒரு பிளக்கும், வடிக்கக் கீழே ஒரு பிளக்கும் உள்ளன. இவ்விரண்டும் பல ஆண்டு சேற்றிலும் நீரிலும் கிடந்து இறுகிப்போவதே சங்கடத்திற்கெல்லாம் காரணம்.

கண்ணால் கண்ட ஒரு நஷ்டம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, குறுவை நடவு சமயத்தில் ஒரு மிராசுதாரின் பண்ணைக்குச் சென்றிருந்தேன். நாற்றுக்கு அன்று 22 நாள். நாற்றங்காலிலிருந்து நடவு வயல் வெகுதூரமாதலால், ஜீப்பில் ஏற்றிச் செல்வதாக ஏற்பாடு. அதற்குமுன் எண்ணெயை மாற்றிவிடலாம் என்று யோசனை கூறியவன் நானே. கீழ்ப் பிளக்கு எளிதில் கழன்றது. எண்ணெய் முழுவதும் வடிந்த பின்னரே மேல் பிளக்கில் ஸ்பானரை மாட்டினோம். அது அசையவில்லை. அவசரத்தில் பெரிய குழாயை மாட்டி இழுத்தோம். பிளக்கின் மூலைகள் மழுங்கினவேயன்றி மரை இளகவில்லை. எண்ணெயில்லாப் பெட்டியுடன் வண்டியை ஓர் அடியும் ஓட்டலாகாது. மூன்று நாட்கள் வண்டி களத்தில் நின்றது. பாதி நாற்று தலைச்சுமையாகச் சென்றது. மீதி 25 நாளைக் கடந்தது. குறுகிய கால நெல்லில் வயதேறிய நாற்று தூர் குறைந்து நிற்கும் என்று பிறருக்கு எடுத்துரைப்பது என் உத்தியோகம். கடைசியாக நட்ட வயலில் அதை என் பிழையாலேயே காண நேர்ந்தது.

ஆகையால் வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய முதல் விதி யாதெனில், ஊற்றும் பிளக்கைக் கழற்றிய பின்னரே வடிக்கும் பிளக்கில் கை வைக்க வேண்டும் என்பதே. மேல் பிளக்கு கழலாவிடில், பழைய எண்ணெய் உள்ளே இருக்கும். வண்டியும் அன்றைய வேலைக்கு உதவும்.

இறுகுவதன் காரணம்

பல வண்டிகளின் பிளக்குகளில் மரை நுனி நோக்கிக் குறுகிச் செல்லும். குழாய் மரையில் இக்குறுக்கம் 16-க்கு 1 என்னும் விகிதம். திருகத் திருக அது ஆப்புப்போல் இறுகும். சிலர் ஒழுக்குக்கு அஞ்சி அளவுக்குமேல் முறுக்கிவிடுகின்றனர். அதன்மேல் துருவும் ஏறுகிறது. துரு தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளின் சந்து முழுவதும் நெருக்குண்டு போகிறது. அலுமினியப் பெட்டியில் இரும்புப் பிளக்கு இருந்தால், ஈரத்தில் இரு உலோகங்களும் கூடி அலுமினியம் அரிபட்டு வெண்பொடி கட்டும். அதுவும் துருவைப்போலவே பிடித்துக்கொள்ளும்.

கழற்றும் முறை

1. வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு, சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதும், செங்கல்லை அடுக்கித் தாங்கவிடுவதும் உயிருக்கு அபாயம். உறுதியான ஸ்டாண்டுகளே தக்கவை.

2. பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பிப் பிரஷினால் துடைக்க வேண்டும். தலையில் சதுரக்குழி உள்ள பிளக்கானால், குழியின் அடிவரை ஆணியால் சுரண்டியெடுக்க வேண்டும். குழியில் மண் தங்கினால் கருவி முழுவதும் இறங்காது. மூலைகள் மழுங்குவது பெரும்பாலும் இதனாலேயே.

3. அளவு சரியான கருவியையே உபயோகிக்க வேண்டும். அறுகோணத் தலைக்கு ஆறு மூலையுள்ள பாக்ஸ் ஸ்பானர் உத்தமம். வாய் விரியும் ஸ்பானரை இதற்குத் தொடவே கூடாது.

4. துருவிளக்கும் எண்ணெயை மரையோரத்தில் விட்டு, ஓர் இரவு ஊறவிட வேண்டும். அது கிடைக்காவிடில் மண்ணெண்ணெய் ஓரளவு உதவும். காலையில் மீண்டும் விட வேண்டும். பொறுமையே இங்குச் சிக்கனமான கருவி.

5. பின்னர்ப் பிளக்கின் தலைமேல் பித்தளைத் தண்டை வைத்துச் சுத்தியலால் நேராகச் சில அடிகள் கொடுக்க வேண்டும். அதிர்ச்சியினால் துருவின் பிடி விரிசல் காணும். அடி பெட்டியின்மேல் விழலாகாது, வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும்.

6. முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் அசைத்து, அதன்பின் கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். அடியில் மல்லாந்து படுத்திருக்கையில் திசை மயங்குவது சகஜம். பிளக்கின் தலையை நேரே நோக்கி இடப்புறமாகத் திருப்புவதே கழற்றும் திசை. அசையத் தொடங்கியதும் ஒரே மூச்சில் கழற்றாமல், முன்னும் பின்னுமாக அசைத்து எண்ணெய் விட்டுக்கொண்டே வர வேண்டும்.

7. இதற்கும் இணங்காவிடில், பிளக்கைச் சுற்றியுள்ள பெட்டியின் பாகத்தை மட்டும் சூடாக்க வேண்டும். துளை விரிந்து பிடி தளரும். சூட்டுக்கு முன் மூச்சுத்துளையைச் சுத்தம் செய்து, சிந்திய எண்ணெயைத் துடைத்து, பெட்ரோல் டாங்கியும் பிரேக் குழாயும் அருகில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். புகையெழுமளவு காய்ச்சலாகாது. வைக்கோல் போருக்கு அருகில் இவ்வேலை கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்க வேண்டும். சூடான மரையோரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால், மெழுகு உருகிச் சந்தினுள் இறங்கும். சூட்டின்மேல் தண்ணீர் ஊற்றுவது பெரும்பிழை.

மூலை மழுங்கினால் செய்யத்தக்கது

அறுகோணத் தலை மழுங்கியிருந்தால், ஒரு சுற்றுச் சிறிய ஸ்பானரைச் சுத்தியலால் அடித்து ஏற்றிப் பார்க்கலாம். அல்லது எதிரெதிர்ப் பக்கங்களை அரத்தால் தட்டையாக்கிப் பிடிக்கலாம். பட்டறைக்காரரைக் கொண்டு தலைமேல் ஒரு நட்டைப் பற்றவைத்துக் கழற்றுவது இவற்றினும் நிச்சயமான முறை. பற்றவைக்கும் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். அப்போது பாட்டரியின் கம்பிகளைக் கழற்றி, எர்த் பிடியைப் பிளக்குக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங்குகளின் வழியே ஓடி அவற்றைக் கெடுக்கும்.

பிளக்கைத் துளையிட்டு எடுப்பது கடைசி உபாயம். இரும்புத்தூள் உள்ளே விழுந்தால் பற்களுக்குச் சேதம். பல ஜீப்புகளில் ஊற்றும் பிளக்கு, போல்டுகளால் பூட்டிய மூடித் தகட்டில் அமைந்திருக்கிறது. அத்தகைய வண்டியில் மூடியையே கழற்றி எண்ணெயை வடித்து, மூடியை வைஸில் பிடித்துப் பிளக்கை நிதானமாக எடுக்கலாம். நான் மேலே சொன்ன ஜீப்பும் மூன்றாம் நாள் இவ்விதமே சரியாயிற்று. முதல் நாளே இது தோன்றியிருந்தால் நாற்று முதிர்ந்திராது.

மீண்டும் பூட்டுதல்

வடிந்த எண்ணெயையும் பிளக்கிலுள்ள காந்தத்தையும் கவனிக்க வேண்டும். சாம்பல்நிறக் களிம்பு வழக்கமானது. பல்லின் சில்லு தென்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டுவது அவசியம். மரைகளைத் துடைத்து, மழுங்கிய பிளக்கைத் தள்ளிப் புதிதையே போட வேண்டும். குறுகும் மரைக்குச் சீலண்டும், நேர் மரைக்குப் புதிய வாஷரும் வேண்டும். கைப்புத்தகத்தில் கண்ட தரத்து எண்ணெயை, மேல் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்ற வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்புக்குப் பெட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 1.2 லிட்டர் கொள்ளும். பிளக்கை அளவுடன் இறுக்கினால் போதும். அடுத்தமுறை கழற்றப்போவதும் நாமே. பழைய எண்ணெயை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாமல், டப்பாவில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவ்வேலைக்கு உகந்த காலம், அறுவடை முடிந்து வண்டி ஓய்ந்திருக்கும் நாட்களே. நாற்று விட்டபின் தொடங்கலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் ஜீப் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு வேறெதைச் சொல்ல மறந்தாலும், மேல் பிளக்கு முதலில், கீழ்ப் பிளக்கு பின்னர் என்னும் இவ்வொரு விதியை எடுத்துச் சொல்வாராயின், ஒரு பருவத்தின் நஷ்டம் பலருக்கு மிச்சமாகும்.