கல்யாணக் கேக் சாயாமல் நிற்கும் ரகசியம்!

மாதா கோவிலில் தாலி கட்டியாயிற்று. மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிகிறது. மேஜையின் மேல் மூன்று அடுக்குக் கேக், வெள்ளை வெளேரென்று சின்னக் கோபுரம் போல நிற்கிறது.

மாப்பிள்ளையும் பெண்ணும் கத்தியை எடுக்கிறார்கள். ஐயோ! மேல் அடுக்கு மெல்லச் சாய்கிறது. பெண்ணைப் பெற்றவரின் முகம் வெளுத்துப் போகிறது. "நல்ல நாளும் அதுவுமாக இப்படியா?" என்று யாரோ முணுமுணுக்கிறார்கள்.

இது சகுனம் அல்ல. முட்டுக் கொடுக்காத குற்றம்!

9 அடி உயரக் கேக்

1947-ம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டனில் எலிசபெத் இளவரசிக்குக் கல்யாணம் நடந்தது. அவர்தான் பிறகு மகாராணி ஆனவர். அந்தக் கல்யாணக் கேக்கின் உயரம் 9 அடி. மொத்தம் 4 அடுக்கு. எடை 500 ராத்தல், அதாவது சுமார் 227 கிலோ!

யுத்தம் முடிந்து பிரிட்டனில் ரேஷன் இருந்த காலம் அது. ஆஸ்திரேலியாவில் சாரணச் சிறுமிகள் கேக்குக்குச் சாமான்கள் அனுப்பி உதவினார்கள்.

1981-ம் ஆண்டு சார்லஸ் இளவரசருக்கும் டயானாவுக்கும் கல்யாணம். அப்போது கடற்படைச் சமையல்காரர்கள் ஒரே மாதிரி இரண்டு கேக் செய்தார்கள். ஏன்? ஒன்று கெட்டுப் போனால் இன்னொன்று கை கொடுக்கும் அல்லவா?

அரண்மனைக்கே அந்தப் பயம் இருந்தது. நம் வீட்டில் இரண்டு கேக்குக்கு எங்கே போவது? ஒரே கேக்கைப் பத்திரமாக நிறுத்துவதுதான் நம் வழி.

தூணும் தளமும்

மாடி வீடு எப்படி நிற்கிறது? தூண் மேல் தளம், தளத்தின் மேல் தூண். கேக்கும் அப்படித்தான்.

அடியில் 4 கிலோ, நடுவில் 2 கிலோ, உச்சியில் 1 கிலோ என்று வைத்துக் கொள்வோம். அடிக் கேக்கின் தலையில் 3 கிலோ பாரம்! பஞ்சு போன்ற கேக் அதைத் தாங்குமா? நசுங்கும். ஒரு பக்கம் கூடுதலாக நசுங்கினால் மேல் அடுக்கு வழுக்கும்.

ஆகவே ஒவ்வொரு அடுக்கையும் அதே அளவுள்ள கெட்டி அட்டையின் மேல் வைக்க வேண்டும். அந்த அட்டைதான் தளம்.

தூண் எது? சுத்தமான மரக்குச்சி அல்லது தடித்த குழல். மேல் அடுக்கு உட்காரும் வட்டத்தை அடிக் கேக்கின் மேல் லேசாகக் குறித்துக் கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள் ஐந்தாறு குச்சிகளை அடிவரை நேராகச் செருகுங்கள். உச்சி அடுக்கு சிறியது. அதன் கீழே நாலு குச்சி போதும்.

எல்லாக் குச்சியும் ஒரே உயரமாக இருப்பது முக்கியம். ஒன்று குட்டையானாலும் நொண்டி நாற்காலி போல ஆடும். முதல் குச்சியை அளந்து வெட்டி, அதை வைத்தே மற்றவற்றை வெட்டுங்கள்.

இப்போது பாரம் கேக்கின் மேல் இல்லை. அட்டையிலிருந்து குச்சிக்கு, குச்சியிலிருந்து அடிப்பலகைக்கு, பலகையிலிருந்து மேஜைக்கு இறங்கி விடுகிறது!

சாலையும் வெயிலும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 45 கிலோமீட்டர். கல்கத்தா நெடுஞ்சாலையில் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகள் முன்னும் பின்னும் வரும். வேகத்தடை வேறு. அடுக்கி முடித்த கேக்கை அந்த வழியே கொண்டு போவது, அலங்கரித்த தேரைக் குண்டு குழியில் இழுப்பது போல.

அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டு போய், மண்டபத்தில் அடுக்குவதே புத்திசாலித்தனம். பெட்டியைக் கார் சீட்டில் வைக்காதீர்கள். சீட்டு சரிவானது. சமமான தரையில், வழுக்காத விரிப்பின் மேல் வையுங்கள்.

அடுத்த எதிரி வெயில். வெண்ணெய் 32 பாகை வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். கத்திரி வெயிலோ 40 பாகையைத் தாண்டுகிறது. கேக்கை நன்றாகக் குளிர வைத்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். மண்டபத்தில் ஜன்னல் ஓரமும் விளக்கின் அடியும் ஆகாது. மேஜை ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாலும் தப்பில்லை!

இலங்கையில் ஒரு யுக்தி

இலங்கைக் கல்யாணங்களில் மேஜை மேல் நிற்கும் கோபுரம் பெரும்பாலும் வெறும் அலங்காரம். ரவையும் முந்திரியும் பழமும் சேர்த்த கேக்கைத் துண்டு போட்டு, சின்னப் பெட்டிகளில் வைத்து விருந்தாளிகளுக்குக் கொடுத்து விடுகிறார்கள். சாயும் பயமே இல்லை.

செலவைக் குறைக்க நம் ஊரிலும் இதைச் செய்யலாம். ஓர் அடுக்கு மட்டும் நிஜக் கேக். மற்றவை தெர்மாகோல் மேல் பூசிய சர்க்கரை. படத்தில் வித்தியாசம் தெரியாது!

கடைசியில் ஒரு கணக்கு

கேக் வெட்டியாயிற்று, கை தட்டியாயிற்று. இனிமேல்தான் கவனம் தேவை. உச்சி அடுக்கை முதலில் அட்டையோடு தூக்குங்கள். பிறகு குச்சிகளை உருவுங்கள். அதற்குப் பிறகே துண்டு போட வேண்டும்.

செருகிய குச்சி எத்தனை? உருவிய குச்சி எத்தனை? கேக் கொண்டு வந்தவரிடம் கேட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது.

முதல் துண்டுக்குக் கை நீட்டி நிற்பது ஒரு குழந்தை அல்லவா?