வண்ணத்துக்கு முந்தைய சாம்பல்

ஜப்பானின் சிபா மாகாணத்தில் மகுஹாரி மெஸ்ஸே என்றொரு பெரிய கண்காட்சி அரங்கு இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை அங்கே ‘வொண்டர் ஃபெஸ்டிவல்’ நடக்கும். அனிமே நாயகிகள், ராட்சத எந்திரங்கள், டைனோசர்கள் எனத் தாங்கள் செதுக்கிய உருவங்களைப் பாகம் பாகமாக வார்த்துக் கொண்டுவந்து விற்பார்கள் கலைஞர்கள். ‘கராஜ் கிட்’ என்று அதற்குப் பெயர். பையைப் பிரித்தால் வெளிர்மஞ்சளில் பாலியுரேத்தேன் ரெசின் துண்டுகள்: ஒரு கை, பாதி முகம், கூந்தலின் ஒரு கற்றை. ஒட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் வாங்கியவர் பாடு.

அந்த வேலையில் என்னை மிகவும் ஈர்ப்பது பெயிண்டுக்கு முந்தைய கட்டம். பலர் அவசரமாகத் தாண்டிப்போகும் அந்த இடத்தில்தான் இயற்பியல் கொட்டிக் கிடக்கிறது.

இரண்டு திரவங்களைக் கலந்து சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஊற்றினால், அவை வினைபுரிந்து சூடேறி, சீக்கிரமே கெட்டிப்பட்டு ரெசினாகின்றன. வார்ப்பு சுலபமாகக் கழன்று வர, அச்சுக்குள் வழுக்குப் பொருள் ஒன்றைத் தெளிப்பதுண்டு. பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய். அதன் மிச்சம் துண்டின்மேல் தங்கிவிடும். பார்த்தால் தெரியாது.

அத்தனை மெல்லிய படலம் என்ன செய்துவிட முடியும்? லண்டனின் கிளாப்பம் பகுதிக் குளமொன்றில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். சுமார் அரை ஏக்கர் பரப்புக்கு அலை அடங்கிப்போனதாக அவர் தந்த விவரம் 1774இல் அச்சானது. கணக்குப் போட்டால் அந்தப் படலத்தின் தடிமன் இரண்டு நானோமீட்டர் சொச்சம், அதாவது ஏறத்தாழ ஒரு மூலக்கூறின் நீளம். ஒரு பரப்பின் குணம் மாற அவ்வளவே போதும்.

நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சிலிக்கோன் எண்ணெய்க்கு 20ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒரு திடப்பொருளின் மேல் திரவம் நன்றாகப் பரவ வேண்டுமானால், திரவத்தின் இழுவிசை அத்திடப்பொருளின் பரப்பு ஆற்றலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சுத்தமான பாலியுரேத்தேனுக்கு அது 40 வாக்கில்; பெயிண்டின் இழுவிசை அதைவிடக் குறைவு என்பதால் பெயிண்ட் தாராளமாகப் படரும். எண்ணெய் மூடிய இடத்திலோ பெயிண்டுக்கு ரெசினே எட்டுவதில்லை. அது ஒதுங்கிச் சுருங்கி, மீன்கண் போல வட்டக் குழிகளை விட்டுச் செல்கிறது. படிந்ததுபோல் தெரிந்த இடமும் பின்னால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது டேப்போடு வந்துவிடலாம்.

அதனால்தான் முதலில் குளியல்: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பழைய டூத்பிரஷ். கொதிக்கும் நீர் கூடாது, ரெசின் இளகி வளைந்துவிடும். கோணிப்போய் வந்த வாளையோ காலையோ நிமிர்த்த இதே குணம் கைகொடுக்கும்.

பிறகு அச்சின் இரு பாதிகள் கூடிய கோட்டைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 400ஆம் எண் தாளில் தொடங்கி 600, 800 என்று. தாளை நனைத்துத் தேய்ப்பது முக்கியம். ரெசின் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசத்தையும் தவிர்க்கக் கூடாது. ஊசிமுனைத் துளைகள் தென்பட்டால் பட்டி வைத்து அடைக்கலாம். ஊற்றும்போது சிக்கிய காற்றோ, மூலத்திரவத்தில் கலந்த ஈரம் உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடோ விட்ட தடங்கள் அவை.

இப்போது துண்டு வழவழவென்று, குறையே இல்லாததுபோல் இருக்கும். பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சான சாம்பல் பிரைமரை அடித்ததும்தான் கீறல்கள் முளைக்கும்! அவை முன்பே இருந்தவை. ரெசினுக்குள் ஒளி சிறிது தூரம் புகும். உள்ளே சிதறி, சற்றுத் தள்ளி வெளியேறும். கீறலின் பள்ளத்தில் விழவேண்டிய நிழலை உள்ளிருந்து வரும் அந்த வெளிச்சம் கரைத்துவிடுகிறது. மெழுகுப் பொம்மையின் முகம் மழுங்கலாகத் தெரிவதும் இதனால்தான். பிரைமரின் நிறமித் துகள்கள் ஒளியை மேற்பரப்பிலேயே சிதறடித்துத் திருப்புவதால், மேடும் பள்ளமும் உள்ளபடி தெரிகின்றன. வெள்ளைப் பூச்சு என்றால் பள்ளத்தின் சுவர்களில் ஒளி பட்டுத் தெறித்து நிழலை நிரப்பும்; கருப்பிலோ நிழல் தனியே தெரியாது. நடுத்தரச் சாம்பலில் மேட்டின் வெளிச்சம், பள்ளத்தின் நிழல் இரண்டுமே துலங்கும். குறைகளைப் பென்சிலால் குறித்து, பட்டி வைத்துத் தேய்த்து, மீண்டும் பிரைமர் அடிப்பார்கள்.

பிரைமரின் இன்னொரு வேலை பிடிமானம். அது ரெசினைப் பற்றிக்கொள்ளும். உலர்ந்தபின் அதன் நுண்ணிய சொரசொரப்பைப் பெயிண்ட் பற்றிக்கொள்ளும். ஸ்பிரே கேனைச் சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய அடுக்குகளாக அடிக்க வேண்டும். தூரம் கூடினால் துளிகள் வழியிலேயே உலர்ந்து மணல்போல் படியும். நெருங்கினால் வழிந்து, கண்ணிமையின் கோடுகள்கூட மூழ்கிப்போகும். ஜூன், ஜூலை மாத ஜப்பானிய மழைக்காலத்தில் வேறொரு தொல்லை உண்டு: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்புகைபோல் பூத்துவிடுகிறது. அந்த நாட்களில் கேனை அப்படியே வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் உப்புத்தாள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.