சோற்றைக் குறைப்பவர்கள் கவனத்திற்கு



இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது. இதனால் சோற்றையும் பரோட்டாவையும் விட்டுவிட்டு, கறி, முட்டை என்று சாப்பிடும் ‘பேலியோ’, ‘கீட்டோ’ முறைகளைப் பலர் தாமாகவே தொடங்கிவிடுகிறார்கள்.

அரிசி, கோதுமை, மைதாவில் உள்ள மாவுச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாக மாறுகிறது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்கும் குறைவாக அதை உண்பது குறைந்த மாவுச்சத்து உணவுமுறை. கீட்டோவில் இது 50 கிராமைத் தாண்டக்கூடாது. ஒரு கப் சோற்றிலேயே சுமார் 45 கிராம் இருக்கிறது.

இம்முறையால் சர்க்கரையும் எடையும் குறைவது உண்மை. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி உடலிலுள்ள நீர்தான். முதல் ஆறு மாதங்களில் பலன் நன்றாகத் தெரியும். ஓராண்டில் மற்ற உணவுமுறைகளுக்கும் இதற்கும் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. சிலருக்குக் கெட்ட கொழுப்பு கூடுகிறது.

ஆபத்து மாத்திரையில் இருக்கிறது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். அப்போது சர்க்கரை அதிகம் ஏறியிருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பரிசோதனை கேளுங்கள்.

ரமலானில் இந்த ஆபத்து இன்னும் கூடும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அந்தச் சலுகையைத் தந்திருக்கிறது. பிறகு களாச் செய்துகொள்ளலாம். ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் இம்முறையைத் தொடங்கவே கூடாது.

மற்றவர்களுக்கு எளிய வழி உண்டு. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன், முட்டை அல்லது பயறு, மீதிக் கால் பங்கு மட்டும் சோறு. சர்க்கரை போட்ட டீயையும் சர்பத்தையும் விட்டுவிடுங்கள். வயிறு முட்ட உண்ணாதிருப்பது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழிமுறையும் ஆகும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்