கூலி வாங்கினால் ட்ரோன் கனக்குமா?

2011 அக்டோபரில், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்துக்கு மேலே, நுரைப்பொருளால் ஆன ஒரு சிறு விமானம் பறந்தது. எடை இரண்டேகால் கிலோ இருக்கும். இயக்கியவர் ரஃபேல் பிர்க்கர். அதிலிருந்த கேமரா எடுக்கும் படங்களுக்குப் பணம் பேசப்பட்டிருந்தது. ஓடும் வாகனங்கள் இருந்த சுரங்கப்பாதை வழியாகவும், ஆட்களுக்கு மிக அருகிலும் பறக்கவிட்டார் என்று குற்றம்சாட்டி, விமானப் போக்குவரத்து நிர்வாகம் 10,000 டாலர் அபராதம் விதித்தது.

வழக்கோ வேறு திசையில் போனது. மாதிரி விமானங்களுக்கென்று அப்போது இருந்தது 1981-இல் வந்த ஓர் ஆலோசனைக் குறிப்புதான்: 400 அடிக்கு மேல் போகாதீர்கள், குடியிருப்புகளை விட்டுத் தள்ளிப் பறக்கவிடுங்கள். கட்டாயம் ஏதுமில்லை. தொழிலுக்காகப் பறக்கவிடுபவர்களுக்கு அது பொருந்தாது என்று 2007-இல் ஓர் அறிவிப்பு வந்தது. 2014 மார்ச்சில் நீதிபதி அபராதத்தைத் தள்ளுபடி செய்தார். நவம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கடைசியில் 1,100 டாலரில் சமரசம். சுரங்கப்பாதையில் யாருக்காவது அடிபட்டிருக்குமா என்ற கேள்வியைவிட, இது பொழுதுபோக்கா தொழிலா என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

விழும் பொருளின் ஆபத்தை இயக்க ஆற்றல் சொல்லும்: நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். 250 கிராம் பொருள் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் விழுந்தால் சுமார் 80 ஜூல். 2015-இல் அமெரிக்காவில் ட்ரோன்களுக்கான பதிவு வரம்பை 250 கிராமாக வைக்கச் சொன்ன குழு இந்தக் கணக்கைத்தான் போட்டது. காசே கைமாறாமல் மைதானத்தில் பறக்கும் 10 கிலோ மாதிரி விமானம், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் 12,500 ஜூலைச் சுமக்கிறது. ஆனால் இன்றும் அமெரிக்காவில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனை ஆசைக்குப் பறக்கவிட்டால் பதிவு வேண்டாம். அதே ட்ரோனில் கூலிக்குப் படமெடுத்தால் வேண்டும்.

ட்ரோன்களைத் தங்களோடு சேர்க்கக் கூடாது என்ற மாதிரி விமானக்காரர்களின் மனக்குறையிலும் நியாயம் உண்டு. இறக்கை வைத்த விமானத்தைக் கையாளப் பழக நாள் பிடிக்கும். கிளப்பில் மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுத்தருவார். நான்கு விசிறி ட்ரோனிலோ, கைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் ஒவ்வொரு நொடியும் பலநூறு முறை சாய்வை அளந்து, மோட்டார்களின் வேகத்தைத் தாமே திருத்துகின்றன. பெட்டியைப் பிரித்த அன்றே பறக்கலாம். பறக்கவிடுபவரின் கண்ணும் வானத்தை விட்டுத் திரைக்குப் போய்விடுகிறது. என்றாலும், கண் பார்வைக்குள் பறக்கும் ட்ரோனை மைதானத்திலிருந்து விலக்க இது காரணமாகாது என்பேன். பழக்கிவிடும் மூத்தவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்!

ஆபத்தில் பணத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கூலி, கேமராவைக் கூட்டம் இருக்கும் இடத்துக்கு இழுத்துப்போகிறது. 2015 டிசம்பரில் இத்தாலியில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில், ஒளிபரப்புக்காகப் பறந்த ட்ரோன் மார்செல் ஹிர்ஷர் என்ற வீரரின் முதுகுக்குப் பின்னாலேயே விழுந்து நொறுங்கியது. அவர் தப்பினார். பறக்கவிட்டவர் கூலி வாங்காதவராக இருந்தாலும் அதே இடத்தில் அதே வேகத்தில்தான் விழுந்திருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. 2020-இன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகள், காசு வாங்கினாயா என்று கேட்பதில்லை. எடை என்ன, கீழே ஆட்கள் எவ்வளவு நெருக்கம், பறப்பது கண்ணில் படுகிறதா என்றே கேட்கின்றன. மாதிரி விமானக் கிளப்புகளுக்குத் தனி அனுமதி வழியும் வைத்திருக்கின்றன.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் இன்னும் பழைய கோட்டில் நிற்கின்றன. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிகத்துக்குப் பறக்கவிடத்தான் பைலட் சான்றிதழ் தேவை. கல்யாண மண்டபத்து வாசலில் கூலிக்கு வந்த போட்டோகிராஃபர் அதை வைத்திருக்க வேண்டும். மணப்பெண்ணின் தாய்மாமன் ஆசைக்காக அதே ட்ரோனை அதே கூட்டத்துக்குப் பக்கத்தில் ஏற்றினால் வேண்டியதில்லை. கூட்டத்தின் அருகே பறக்கவிடும் இருவருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். ஆளில்லாத வயலின் மேல் படமெடுத்துப் பிழைப்பவருக்கு அந்தச் சுமையைக் குறைக்கவும் வேண்டும்.