உப்பேறிய கிணறுகள்: இறைப்பதா, விடுவதா?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிழக்குக் கரையில் எல்லோரும் முதலில் செய்த வேலை கிணறு இறைப்பதுதான். பம்ப் கிடைத்தவர் பம்ப்பால், கிடைக்காதவர் வாளியால் இறைத்தார்கள். சேறும் குப்பையும் போயின. உப்பு மட்டும் போகவில்லை. "எவ்வளவு இறைச்சாலும் உப்புத்தானே வருகுது" என்ற பேச்சு ஊருக்கு ஊர் கேட்டது. சில கிணறுகளில் இறைக்க இறைக்க உப்புக் கூடியது. இது ஏன்?

கிணற்றை ஒரு தொட்டியாக நினைத்ததில்தான் பிழை. நமது கரையோர மணலில் கிணறு என்பது நிலத்தடி நீரை எட்டிப் பார்க்கிற ஒரு துவாரம் மட்டுமே. கடல் நீர் கிணற்று வாயால் மட்டும் உள்ளே போகவில்லை. வளவிலும் பள்ளத்திலும் தேங்கி, மணலூடாக ஊறியும் இறங்கியது. கிணற்றை வெறுமையாக்கினால் சுற்றியுள்ள அதே உவர் நீர்தான் திரும்ப வந்து நிறையும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மழை நீர் கடல் நீரை விடப் பாரம் குறைந்தது. அதனால் கரையோர மணலின் அடியில் நன்னீர் உவர் நீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே கொஞ்சம் இறைத்துக் குறைத்தால், அடியிலுள்ள உவர் நீர் கிணற்றை நோக்கிக் கூம்பாக மேலெழும். கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு உண்டு. நூறு வாளி நல்ல தண்ணீரில் மூன்று வாளி கடல் நீர் கலந்தாலே போதும், வாயில் வைக்க முடியாது.

சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவக ஆய்வாளர்கள் கல்லடி, களுதாவளை, ஒலுவில் ஆகிய இடங்களில் கிணறுகளைத் தொடர்ந்து அளந்தார்கள். உப்பை அளக்க நீரின் மின் கடத்துதிறனே போதும், கையடக்கக் கருவியால் ஒரு நிமிட வேலை. அவர்கள் கண்டது: திரும்பத் திரும்ப இறைத்ததால் பெரிய பலன் இல்லை, உப்பைக் குறைத்தது மழைதான். சேற்றை அள்ள ஒரு தடவை மெதுவாக இறைப்பது சரி. அதற்கு மேல் வேண்டாம்.

மழை எப்படிக் கழுவுகிறது? மணலின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். மாரியில் 300 மில்லிமீற்றர் மழை நிலத்துக்குள் இறங்கினால், அது சுமார் 1 மீற்றர் ஆழ மணலை நிரப்பி, உவர் நீரைக் கீழும் கடல் பக்கமும் தள்ளும். ஒரு மாரி போதாத இடங்களில் அடுத்ததையும் பார்த்திருக்க வேண்டும். அதுவரை பவுசர் தண்ணீர்தான். அந்தக் காத்திருப்பு எவ்வளவு கஷ்டம் என்பது பிளாஸ்ரிக் கேன்களோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

வயல் நிலம் வேறு சங்கதி. களி மண்ணில் உப்பின் சோடியம் மண் துகளில் ஒட்டிக்கொண்டு, மண்ணை இறுக்கி, தண்ணீர் இறங்காமல் செய்துவிடும். அங்கே ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கல்சியம் சோடியத்தை விலக்கும். பிறகு நன்னீர் பாய்ச்சி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் கொட்டுவது காசை வீணாக்குவதே. மணல் நிலத்துக்கு அது தேவையே இல்லை.

எண்ணெய் கலந்த கிணற்றுக்கு இந்த மழைக் கணக்கு பொருந்தாது. எண்ணெய் நீரில் அவ்வளவாகக் கரையாது. மேலே மிதக்கும், மண்ணில் ஒட்டும். மிதப்பதை வழித்தெடுத்த பிறகு, மீதியை மண்ணிலுள்ள பக்டீரியாக்கள்தான் தின்று தீர்க்கின்றன. அவற்றுக்குக் காற்றும், கொஞ்சம் நைதரசன், பொசுபரசுச் சத்தும் கிடைக்கச் செய்தால் வேலை வேகமாகும்.