காயம் சீழ் பிடிக்காத தவளை

1980களில் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் மரபணு ஆய்வு செய்துவந்தார் மைக்கேல் சாஸ்லாஃப். ஆய்வுக்கு வேண்டிய முட்டைகளை ஆப்பிரிக்க நகத்தவளையின் வயிற்றைக் கீறி எடுப்பார். தையல் போட்டுத் திரும்பத் தொட்டியில் விடுவார். தொட்டித் தண்ணீரிலோ கிருமிகள் ஏராளம். ஆனாலும் காயம் சீழ் பிடிக்காமல் தானே ஆறியது. ஏன் என்று கேட்டார் சாஸ்லாஃப். 1987இல் விடையை வெளியிட்டார்: தவளையின் தோல் சுரக்கும் ‘மகைனின்’ என்னும் பெப்டைடு. வெறும் 23 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி.

அது கொல்லும் விதம்தான் வியப்பு. பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்னூட்டமுள்ள கொழுப்புகள் மிகுதி. மகைனினோ நேர்மின்னூட்டம் கொண்டது. இழுபட்டுப் போய் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் உருவமின்றித் துவண்டு கிடந்த சங்கிலி, சவ்வைத் தொட்டதும் சுருளாகிறது. சுருளின் ஒரு பக்கம் நீரை நாடும், மறுபக்கம் கொழுப்பை நாடும்; கொழுப்பை நாடும் பக்கம் சவ்வுக்குள் புதைகிறது. ஒன்றிரண்டு புதைந்தால் ஒன்றும் ஆகாது. கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் சவ்வு வளைந்து ஓட்டை விழுகிறது. அயனிகள் கசிந்து, மின்னழுத்தம் குலைந்து, பாக்டீரியா சாகிறது. மனித செல்லின் வெளிப்புறச் சவ்வில் மின்னூட்டம் சமன்பட்டிருக்கும். கொலஸ்ட்ரால் அதற்கு மேலும் உறுதி தருகிறது. அதனால் நம் செல்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன.

மகைனினின் கண்ணாடிப் பிம்பத்தையும், அதாவது இடம் வலமாக மாறிய அதே சங்கிலியையும், செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். அதே வீரியத்தோடு கொன்றது. பாக்டீரியாவின் ஏதோ ஒரு புரதத்தில் பொருந்தி வேலை செய்யும் மருந்தென்றால் இது நடக்காது. தாக்கப்படுவது சவ்வேதான். ஒரு புரதத்தை மாற்றி மருந்தை ஏமாற்றுகிற பாக்டீரியாவுக்குச் சவ்வையே மாற்றுவது எளிதல்ல. முடியவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா தன் சவ்வுக் கொழுப்பில் நேர்மின்னூட்டமுள்ள லைசினை ஒட்டி எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது.

மகைனினைத் திருத்தி உருவாக்கிய பெக்சிகனான் களிம்பு, நீரிழிவு நோயாளிகளின் கால் புண்ணுக்குச் சோதிக்கப்பட்டது. ஓஃப்ளாக்சசின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மாத்திரைக்கு ஏறத்தாழ இணையாக வேலை செய்தும், 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தரவில்லை. 2016இல் வந்த அடுத்த சோதனை முடிவுகளும் கைகொடுக்கவில்லை.

இத்தோடு மூடிவைத்துவிடக் கூடாது. இத்தகைய பெப்டைடுகளுக்கு உள்ள பெரிய இடையூறு, உடலின் நொதிகள் அவற்றை விரைவில் வெட்டிவிடுவதுதான். கண்ணாடிப் பிம்பத்தை அந்த நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. ஆய்வுப் பணம் அந்தப் பக்கம் போக வேண்டும்.